பழைய வேட்டியும் பச்சைப் பிள்ளையும்

போன ஐப்பசியில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஐப்பசி என்றால் எங்கள் பூதப்பாண்டிப் பக்கம் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் இது. மலையடிவாரம் வேறு. காலையில் கொடியில் போட்ட சேலை மாலையில் எடுத்தாலும் பிழியலாம் போல இருக்கும்.

மருமகன் நல்ல பிள்ளை. பெட்டியோடு கூட நாலு பெரிய பொட்டலமும் கொண்டு வந்து இறக்கினார். எல்லாம் கட்டிக் கழற்றித் தூரப் போடுகிற டயாப்பர். "மழைக்காலம் பாத்தேளா அத்தை, துணி காயாது. நீங்க கஷ்டப்பட வேண்டாம்" என்றார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நானோ மகள் ஏழாம் மாதம் இருக்கும்போதே பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் தைத்து, அடுக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்த மகள், "எம்மா, இந்தக் காலத்துல யாரும்மா துணி கட்டுவா?" என்று சிரித்தாள்.

"சரி மக்களே, கட்ட வேண்டாம். கணக்கு மட்டும் போட்டுப் பாத்திரு" என்றேன்.

சகோதரிகளே, நீங்களும் போட்டுப் பாருங்கள். பச்சைப் பிள்ளைக்கு ஒழுங்காக மாற்றினால் ஒரு நாளைக்கு எட்டு டயாப்பராவது வேண்டும். ஒன்று பத்து ரூபாய் என்றே வையுங்கள். நாளுக்கு 80, மாதத்துக்கு 2,400. மூன்று மாதத்தில் 7,200 ரூபாய் குப்பைக்குப் போகிறது. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று எட்டுக்குப் பதில் நாலே கட்டினால், பிள்ளையின் தொடை புண்ணாகிறது. ஆக அதிலே சிக்கனம் செய்ய வழியே கிடையாது. துணியில் உண்டு. ஆனால் அதிலும் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை நான் பட்டுத்தான் படித்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எந்தத் துணி, எத்தனை துணி?

புதுத் துணி வாங்கவே வேண்டாம். வீட்டு ஆண்கள் கட்டிப் பழசான பருத்தி எட்டு முழ வேட்டிதான் இதற்கு ராஜா. நூறு தடவை அலக்கி அலக்கிக் கஞ்சியெல்லாம் போய், கன்னத்தில் வைத்தால் பூ மாதிரி இருக்கும். எட்டு முழம் என்பது நாலு கஜம், அதாவது 144 அங்குலம். அகலம் 50 அங்குலம் இருக்கும். 24 அங்குலச் சதுரமாகக் கிழித்தால் நீளத்தில் ஆறு, அகலத்தில் இரண்டு. ஒரு வேட்டிக்குப் பன்னிரண்டு துணி. மிஞ்சுகிற இரண்டு அங்குலம் கரையில் போய்விடும். கரையை வெட்டித்தான் எறிய வேண்டும். சரிகைக் கரை பிள்ளையின் தோலைக் கீறிவிடும்.

பிறந்த பிள்ளை ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து இருபது தடவை வரை மூத்திரம் போகும். ஆகவே உடுத்துவதற்குப் பதினெட்டு, கொடியில் காய்வதற்குப் பதினெட்டு. மொத்தம் 36. மூன்று வேட்டி போதும். மழைக்காலப் பிரசவமானால் இன்னொரு வேட்டியையும் சேர்த்து 48 ஆக்கிக் கொள்ளுங்கள்.

பார்க்கப் பருத்தி போலிருக்கும், ஆனால் பாலியெஸ்டர் கலந்திருக்கும் வேட்டிகள் இப்போது நிறைய உண்டு. அது ஈரத்தைக் குடிக்காது. ஒரு நூலை இழுத்துத் தீயில் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கலப்பானால் உருகி, ஆறியபின் கடினமான மணியாகத் திரளும். அப்படிப்பட்டதைத் தரை துடைக்க வையுங்கள்.

இரவுக்கு மட்டும் கொஞ்சம் கனம் வேண்டும். வடசேரிக் கடையில் வாங்கிய துவர்த்து ஒன்று பழசானதும் அதை நாலாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாக மடித்து உள்ளே வைத்தால் போதும். ஆண் பிள்ளைக்கு மடிப்பு முன்பக்கம் கனமாக வரட்டும். பெண் பிள்ளைக்கு நடுவிலும் பின்னாலும் வரட்டும்.

பெட்டியில் இருந்த வாசனை

இப்போது அந்தக் கதை. என் இரண்டாவது பிள்ளை, மகன், 2004-ல் பிறந்தான். அந்தப் பிரசவம் மாமியார் வீட்டில். அத்தை ஆசையாய் மாமாவின் வேட்டிகளை ஒரு வருஷமாகச் சேர்த்து, தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்கள். பூச்சி அரிக்கக் கூடாதே என்று மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை. அந்துருண்டை என்பார்களே, நாப்தலின், அதுதான்.

வெளியே எடுத்தபோது அறையே மணத்தது. "ஒரு அலக்கு அலக்கினா போயிரும்" என்றார்கள். நானும் அப்படியே நினைத்தேன். அலக்கிக் கட்டினோம். தினமும் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தத் துணியிலேயே சுற்றிக் கிடத்தினோம்.

மூன்றாம் நாள் பிள்ளையின் முகம் மஞ்சளடித்தது. "பிறந்த பிள்ளைக்கு வாறதுதான், வெயில்ல காட்டினா சரியாயிரும்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நாலாம் நாள் பாதம் வரை மஞ்சள். பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தான். துணியில் பட்ட மூத்திரம் தேயிலைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்று இரவே நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்தார்கள். பிறகு சுற்றியிருந்த துணியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்கள். "இது எந்தப் பெட்டியில இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

ரத்தம் சோதித்ததில் மகனுக்கு ஜி6பிடி என்கிற நொதி குறைவு என்று தெரிந்தது. பிறவியிலேயே வருவது. தாய் வழியாக வரும், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் வாட்டும். அந்தக் குறை உள்ளவர்களின் ரத்தச் சிவப்பணுக்கள் சில பொருள் பட்டால் உடைந்து நொறுங்கிவிடும். அந்தப் பொருள்களில் ஒன்று நாப்தலின். மூச்சு வழியாகவும் ஏறும், தோல் வழியாகவும் ஏறும். எண்ணெய் தேய்த்த உடம்பானால் இன்னும் சுலபமாக ஏறும். ரத்தம் உடைந்து காமாலை ஏறிப்போனால் அது மூளையையே தாக்கும். பிழைத்தாலும் காது கேளாமலோ கைகால் வழங்காமலோ போகலாம்.

நாலு நாள் நீல வெளிச்சத்தின் கீழே கண்ணைக் கட்டிக் கிடத்தியிருந்தார்கள் என் பிள்ளையை. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரத்தத்தையே மாத்த வேண்டி வந்திருக்கும்" என்றார்கள் டாக்டரம்மா. அத்தை அந்த நாலு நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல? வாசனை எனக்கும்தானே வந்தது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 1963-லேயே கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 21 பச்சைப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியும் போர்வையும் பக்கத்தில் இருந்ததாலேயே ரத்தம் உடைந்து காமாலை வந்த பிள்ளைகள். அந்த நொதிக் குறை இல்லாத பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இறந்துபோன பிள்ளைகளும் உண்டு.

இன்றும் வீட்டுக்கு வீடு பழந்துணிப் பெட்டியில் அந்த உருண்டை இருக்கிறது. ஆகவே சகோதரிகளே, முதல் விதி இது. பாச்சை உருண்டை வாசனை பட்ட துணி பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம். துணி மட்டுமல்ல, போர்வை, தொட்டில் சேலை, கம்பளி எதுவும் வேண்டாம். "ரெண்டு தடவ அலக்கிட்டேன்" என்ற சமாதானமும் வேண்டாம். அந்தத் துணியை வேறு வேலைக்கு வையுங்கள். பக்கத்து வீட்டிலோ தங்கையிடமோ வாசனை படாத பழைய வேட்டி ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லப் போவதில்லை. பதிலுக்குக் கற்பூரம் போடலாமா என்பீர்கள். அதுவும் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது.

யோசித்துப் பார்த்தால் பருத்தி வேட்டிக்கு அந்த உருண்டையே தேவையில்லை. அந்துப்பூச்சி தின்பது பட்டும் கம்பளியும்தான். பருத்தியில் வெள்ளிப்பூச்சி ஏறுவது அதில் இருக்கிற கஞ்சிக்காக. கஞ்சி போகச் சுடுதண்ணீரில் அலசி, முறுகக் காய வைத்து, சுத்தமான தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி வைத்தால் வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது.

கட்டும் விதம்

பிறந்த பிள்ளையின் தொப்புள் கொடி விழ ஒரு வாரமோ பத்துப் பதினைந்து நாளோ ஆகலாம். அதுவரை துணியின் மேல் விளிம்பை இரண்டு விரல் மடித்து, தொப்புளுக்குக் கீழே நிற்கும்படி கட்டுங்கள். தொப்புளில் ஈரம் படக் கூடாது. எண்ணெய், பவுடர், சாம்பல் எதுவும் வைக்கவும் கூடாது. சும்மா காய விட்டால் தானே விழும்.

சதுரத்தை முக்கோணமாக மடித்து, பிள்ளையை மேலே கிடத்தி, நடு முனையை முன்னால் கொண்டு வந்து, இரு பக்க முனைகளையும் இடுப்பின் பக்கவாட்டில் லேசாக முடிச்சுப் போடுங்கள். முடிச்சு முதுகுப் பக்கம் வந்தால் பிள்ளைக்கு உறுத்தும். ஊக்கு குத்தவே வேண்டாம். வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். காலைச் சேர்த்து நீட்டிக் கட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. "கால் கோணாம இருக்கட்டும்" என்பார்கள். அது தப்பு. பச்சைப் பிள்ளையின் கால் தவளைக் கால் மாதிரி மடங்கி விரிந்திருப்பதுதான் இயற்கை. நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு குழியிலிருந்து நழுவக் கூடும்.

ரப்பர் ஜட்டி வேண்டாம். பாய்க்கு மேல் ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் ஒரு துவர்த்து. போதும். நனைந்த உடனே மாற்றி, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒற்றி எடுங்கள். அரக்கித் தேய்க்காதீர்கள். பவுடர் தூவினால் பிள்ளை மூச்சில் இழுக்கும். தினமும் கொஞ்ச நேரம் துணியே கட்டாமல் காற்றாட விடுங்கள். தொடை மடிப்புக்குள் சிவந்து, சுற்றிலும் பொடிப் பொடியாகப் பொரிந்திருந்தால் அது பூஞ்சைப் புண்ணாக இருக்கும். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்க வேண்டும்.

சிரட்டையில் புளியமுத்து

இனி இந்த ஐப்பசிக்கு வருவோம். மருத்துவமனையில் இருந்த முதல் நாட்களில் மருமகன் வாங்கி வந்த டயாப்பர்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் பேத்தியோடு வீட்டுக்கு வந்தோம். "பிள்ளை எத்தன தடவ மூத்திரம் போச்சு?" என்று மகளிடம் கேட்டேன். "தெரியல்லம்மா. தொட்டாக் காஞ்சாப்பிலதான் இருக்கு" என்றாள். டயாப்பருக்கு உள்ளே ஒரு பொடி இருக்கிறது. அது மூத்திரத்தை உறிஞ்சிக் கட்டியாக்கி வைத்துக் கொள்ளும். பச்சைப் பிள்ளை போகிற கொஞ்சமும் அதற்குள்ளே மறைந்துவிடும்.

அன்றிலிருந்து துணி. எங்கள் ஆச்சி காலத்து வழக்கம் ஒன்று உண்டு. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையை வைத்து, ஒவ்வொரு துணி நனையும்போதும் அதில் ஒரு புளியமுத்தைப் போடுவார்கள். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் எண்ணிப் பார்ப்பார்கள். நானும் அப்படியே வைத்தேன். மகள் அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிரட்டையில் இரண்டே முத்து. அதில் ஒரு துணியில் செங்கல் பொடி தேய்த்த மாதிரிச் சிவப்புக் கறை. பிள்ளை அழவும் இல்லை. "எவ்வளவு சமத்தா தூங்குகு பாரு" என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

விடிந்ததும் மழையோடு கிளம்பினோம். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். அன்று 2 கிலோ 600. முதல் சில நாளில் பிள்ளை கொஞ்சம் எடை குறைவது சகஜம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கவனிக்க வேண்டும். பேத்தி அந்த எல்லையைத் தொட்டுவிட்டாள். நர்ஸம்மா மகளைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. கருவட்டமும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்க வைத்துக் காட்டினார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் எழுப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குப் பாலைப் பிழிந்து பாலாடையிலும் புகட்டச் சொன்னார்கள். பசும்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

ஆறாம் நாள் சிரட்டையில் ஐந்து முத்து. ஏழாம் நாள் எட்டு. ஒன்பதாம் நாள் எண்ணியது என் மகள். "எம்மா, பன்னெண்டு!" என்று அடுக்களை வரை கேட்கக் கத்தினாள்.

இந்தக் கணக்கை நீங்களும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு தடவை நனைந்தால் போதும். இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாறு நாள் ஆனபிறகு, ஒரு பகல் ஒரு ராத்திரியில் நன்றாகக் கனக்க நனைந்த துணி ஆறாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் எத்தனையானாலும் நல்லதே. குறைந்தால் பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று பொருள். செங்கல் நிறக் கறை முதல் இரண்டு மூன்று நாளில் தென்படலாம். நாலாம் நாளுக்கு மேலும் கண்டால் காட்டிவிடுங்கள்.

வெள்ளைத் துணி நிறத்தையும் சொல்லும். முதல் இரண்டு நாள் மலம் தார் போலக் கறுப்பாக இருக்கும். பிறகு பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாகும். தாய்ப்பால் பிள்ளைக்குக் கடுகு மஞ்சளில் இளகலாகத்தான் போகும். அது வயிற்றுப்போக்கு அல்ல. ஆனால் மலம் வெளுத்து, கோலமாவு மாதிரியோ சுண்ணாம்பு மாதிரியோ இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். பிறந்த பிள்ளையின் மூத்திரம் தண்ணீர் போல இருக்க வேண்டும். துணியில் மஞ்சள் கறை விழுந்தாலும், பதினாலு நாளுக்கு மேல் காமாலை நின்றாலும் அப்படியே.

காரணம், ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டுப் போகும் நோய் ஒன்று உண்டு. அதற்கு ஜப்பான் மருத்துவர் காசாய் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை இருக்கிறது. பிள்ளைக்கு அறுபது நாள் ஆவதற்குள் செய்தால்தான் நல்ல பலன். பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், மலத்தின் நிறம் ஒன்றுதான் காட்டிக் கொடுக்கும். அதனால் தைவானில் 2004-லிருந்தும், ஜப்பானில் 2012-லிருந்தும் தாய்மார்களுக்கு மல நிறம் காட்டும் வண்ண அட்டையே கொடுக்கிறார்கள். நமக்கு நம் வெள்ளை வேட்டித் துணி இருக்கிறது. அதை அலக்கப் போடும் முன் வெளிச்சத்தில் ஒரு தடவை விரித்துப் பாருங்கள், போதும்.

அலக்குவதும் காய வைப்பதும்

இரண்டு வாளி வையுங்கள். மூத்திரத் துணிக்கு ஒன்று, மலத்துணிக்கு ஒன்று. மலத்தை வழித்துக் கக்கூஸில் போட்டுவிடுங்கள். கிணற்றடியிலோ ஓடையிலோ அலசாதீர்கள். பச்சைப் பிள்ளையின் மலத்திலும் கிருமி உண்டு. கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நியில் போட்டால் கறை துணியோடு பிடித்துவிடும். பச்சைத் தண்ணீரில் கறை போனபிறகு வெந்நியில் பார் சோப்பு போட்டு அலக்குங்கள்.

அலசுவது மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீர் நுரைக்காமல், கையில் வழுவழுப்பு இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். சோப்பு தங்கினால் பிள்ளைக்குத் தோல் வெந்துவிடும். நீலம், கஞ்சி, வாசனைத் திரவம், கிருமி நாசினி எதுவும் வேண்டாம். துணியை மெதுவாக்குகிற திரவம் போட்டால் துணி ஈரம் குடிக்காது. நாளுக்கு ஒரு தடவை மொத்தமாக அலக்கினால் சோப்பும் மிச்சம், தண்ணீரும் மிச்சம், நம் இடுப்பும் மிச்சம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

வெயில் இருந்தால் வேறொன்றும் வேண்டாம். கறையும் வெளுக்கும், கிருமியும் சாகும். மழைக்காலத்தில்தான் வித்தை. முறுக்கிப் பிழிந்த துணியை ஒரு காய்ந்த துவர்த்துக்குள் வைத்துச் சுருட்டி இன்னொரு தடவை முறுக்குங்கள். பாதி ஈரம் துவர்த்துக்குப் போய்விடும். பிறகு சாய்ப்புக்குள் கொடி கட்டி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் போட்டு மின்விசிறியைச் சுழல விடுங்கள். கடைசி ஈரத்துக்கு இஸ்திரிப் பெட்டி. அரை ஈரத் துணியை மட்டும் கட்டாதீர்கள்.

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பக்கத்து வீட்டில் பன்னிரண்டு நாள் பிள்ளை. விசிறியும் இல்லை, இஸ்திரியும் இல்லை. அடுக்களை விறகடுப்பு அணைந்தபிறகு, அந்தச் சூட்டில் அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டுத்தான் துணி காய வைத்தோம். கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தது. கரி நெருப்பை அடைத்த அறைக்குள் வைத்துத் துணி காய வைக்கவே கூடாது, அதன் விஷவாயு மணமும் இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். தாயும் பிள்ளையும் படுக்கிற அறையில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

இதிலெல்லாம் சிக்கனம் கூடாது

பணத்தைத் துணியில் மிச்சம் பிடியுங்கள். அலசும் தண்ணீரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மாற்றும் தடவையில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெற்றவளின் தூக்கத்திலும் மிச்சம் பிடிக்காதீர்கள். ராத்திரி எழுந்து துணி மாற்ற வீட்டில் இன்னொரு கை வேண்டும். அது பாட்டியாகவும் இருக்கலாம், பிள்ளையின் அப்பாவாகவும் இருக்கலாம். எங்கள் மருமகன் இரண்டே நாளில் முக்கோணம் மடிக்கப் பழகிவிட்டார். அலக்க ஆளில்லாத வீட்டுப் பெண் டயாப்பர் கட்டினால் அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆறாம் வாரம் தடுப்பூசிக்குப் போன அன்று என் பேத்திக்கும் டயாப்பர்தான் கட்டிப் போனோம். கட்டுகிறவர்கள் ஒவ்வொன்றையும் கழற்றும்போது கையில் கனம் பார்த்து, நிறமும் பார்த்துத் தூரப் போடுங்கள்.

தை பிறந்ததும் மகள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். மருமகன் கொண்டு வந்த நாலு பொட்டலத்தில் இரண்டு பிரிக்காமலே இருந்தது. 48 துணியையும் வெந்நியில் அலசி, வெயிலில் முறுக்கக் காய வைத்து, தலையணை உறைக்குள் கட்டிக் கொடுத்தேன். மகள் பெட்டியை மூடப் போனவள், திரும்ப அடுக்களைக்கு வந்து ஒரு சிரட்டையும் ஒரு கை புளியமுத்தும் எடுத்துக்கொண்டு போனாள்.

என் மகனுக்கு இப்போது இருபது வயது தாண்டியாயிற்று. நன்றாக இருக்கிறான். அவன் சாப்பிடக் கூடாத மருந்துகளின் பட்டியல் அலமாரிக் கதவின் உள்பக்கம் இன்றும் ஒட்டியிருக்கிறது. அந்த அலமாரியில் மட்டுமல்ல, எங்கள் வீட்டில் எங்கு தேடினாலும் ஒரு பாச்சை உருண்டை கிடைக்காது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பழந்துணிப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து முகர்ந்து பாருங்கள். அடுத்த இதழில் பேறுகாலத்துக்குப் பின் தாய்க்கு என்ன சமைத்துப் போடலாம் என்று பார்ப்போம்.